முடிக்குக் கீழே

"மொட்டை அடிச்சா தெரிஞ்சுடப் போவுது," என்றாள் ருக்மணி.

கன்னிகா ரகுவைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். அவன் சித்தூரில் தத்தெடுத்த பிள்ளை. இன்று திருமலையில் அவனுக்கு முதல் மொட்டை.

எல்லாம் டிவியில் போட்ட அந்தப் பழைய இங்கிலீஷ் பேய்ப்படத்தால் வந்த வினை. அதிலும் ஒரு வளர்ப்புப் பிள்ளை. அவன் முடிக்குள்ளே 666 என்று மூன்று ஆறு. உலகம் அழியும் காலத்தில் வரப்போகிற சாத்தானின் நம்பர், பைபிளிலேயே இருக்கிறதாம். அன்றிலிருந்து ஓரகத்தி ருக்மணி தன் பிள்ளைகளை ரகுவோடு விளையாட விடுவதில்லை.

"அது மட்டும் இருந்துச்சு, ஒரே வீட்ல இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நானே பக்கத்துல நின்னு பார்க்கறேன்," என்றார் ருக்மணியின் கணவர் மாசிலாமணி. "பொம்பளைங்க யாரும் உள்ள வர வேணாம்."

"அடுத்த வருஷம் அடிக்கலாமே, மாமா," என்றாள் கன்னிகா. "ரகு அப்பாவுக்கும் ஸ்ரீ சிட்டி கம்பெனியில லீவு கிடைக்கும்."

"வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது."

பையனைத் தூக்கிக்கொண்டு, மொட்டை அடிக்கும் கல்யாணக்கட்டைக்குள் போய்விட்டார். என்ன மனுஷன்!

ரகுவை முதன்முதலாகக் குளிப்பாட்டியபோதே கன்னிகா பார்த்திருந்தாள். உச்சிக்குப் பின்னால் சுழிசுழியாக மூன்று மச்சம். அன்று அதற்கு முத்தம் கொடுத்தாள். ருக்மணி கண்ணுக்கு அது ஆறாகத்தான் தெரியும்.

உள்ளேயிருந்து இரண்டு மொட்டைகள் வந்தன.

"இன்னாங்க இது! உங்களுக்கு ஏது வேண்டுதல்?"

"இருந்துச்சு."

"சரி, பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. சினிமாவைப் பார்த்துட்டுக் கொழந்தைய வையாத."

ருக்மணி எட்டிப் பார்த்தாள். தலை முழுக்கத் தடிமனாகச் சந்தனம்.

"பெரிம்மா, எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தலை!" ரகு கையை நீட்டினான்.

ருக்மணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மாசிலாமணி பின்தங்கி, ஒரு சந்தனப் பொட்டலத்தைக் கன்னிகாவின் கையில் வைத்தார்.

"காய்ஞ்சா உதிர்ந்துடும்மா. முடி வந்து மூடற வரைக்கும் தினம் குழைச்சுப் பூசு. கேட்டா, பெரியப்பாவோட வேண்டுதல்னு சொல்லு. நானும் பூசிக்கினு இருக்கேன்."