கரிப் பீப்பாயின் தாகம்

வெடிமருந்து ஆலையின் கழிவுநீரை வடிகட்டிய கரியை, வீட்டுக்கொரு பீப்பாயாக வைத்துக் காக்கும் காலம் அது. உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சைத் தின்று முடிக்கும்வரை கரி காயக்கூடாது, காய்ந்தால் வெடிக்கும் ஆபத்து.

மாலை வகுப்பிலிருந்து திரும்பிய நறுமுகை பீப்பாயில் ஈரத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். சிவப்பு. காலையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோமோ? தண்ணீர் லாரியும் வரவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்தது அண்ணியின் கைக்குழந்தைக்கான ஒரே குடம் தண்ணீர். வேறு வழியின்றி அதைத் தூக்கினாள்.

"ஏண்டி, பச்சப்புள்ள தண்ணியையா ஊத்தப்போற?" எதிர்வீட்டு ஜொகரா மாமி குடத்தோடு நுழைந்தாள். "உன் பீப்பா காஞ்சா எங்க எல்லார் வீட்லயும்தான் எச்சரிக்கை மணி அடிக்குது. வாயத் தொறந்து கேட்டா என்ன?"

"உங்களுக்கு வேணாமா மாமி?"

"எங்க பீப்பா குடிச்சது போக மிச்சம். மூடியத் தொற."

வாசலில் இன்னும் நான்கு பேர் குடங்களோடு நின்றார்கள். மூடியைத் திறந்த நறுமுகைக்குக் கண் நிறைந்தது.

"அழுறதுன்னா பீப்பாக்குள்ள அழு. தண்ணியை வீணாக்காத," என்றாள் மாமி.