காலியாகப்போகும் வீடு

சமுதாயக் கூடத்தை ஏரிக்கரையில் கட்டுவதா, சந்தைக்குப் பின்னால் கட்டுவதா என்று ஊர் இரண்டு வருடமாக அடித்துக்கொண்டது. கடைசியில் நகராட்சியின் கணிப்பு இயந்திரம் மூன்றாவதாக ஓர் இடத்தைச் சொன்னது. அது ஞானசௌந்தரியின் வீடு.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "என் வீட்டுல கை வைக்க யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தா? எந்தக் கவுன்சிலர் பாத்த வேல இது?"

"யாரையும் போகச் சொல்லலம்மா," என்றார் அதிகாரி. "அடுத்த வருஷம் அந்த வீடு தானாவே காலியாயிடும்னு இயந்திரம் சொல்லுது. அது சொல்லி இதுவரைக்கும் தப்புனதில்ல."

ஒவ்வொரு முகமாகச் சந்தேகத்தோடு பார்த்துவந்த ஞானசௌந்தரியின் கண்கள், பக்கத்திலிருந்த கணவர் எபநேசரிடம் வந்து நின்றன. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாம வித்துட்டீங்களா?"

"இல்ல சௌந்தரி. போன மாசம் டாக்டர் சொன்னத உங்கிட்ட மறைச்சுட்டேன். ஆறு மாசம்தானாம்." "எனக்கப்புறம் நீ மக வீட்டுக்குப் போயிருவன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் எங்கயும் போக மாட்டேன். அத உங்க இயந்திரத்துல எழுதுங்க."

அதிகாரி மேசையிலிருந்த கணினியில் எழுதினார். கணிப்பு மாறவில்லை: அடுத்த வருடம் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.