மூக்கு நுனிக் கரி

“மனுஷன் வெயில்ல கரியா நிக்கிறாரு. நீ ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து டீ குடிக்கிறியா?”

செருப்பைக் கழற்றும் முன்பே தம்பி அக்காமேல் பாய்ந்தான்.

பின்னே? வாசலில் கார் பானெட் திறந்து கிடந்தது. அத்தானுக்கு முழங்கைவரை கறுப்பு, மூக்கு நுனியிலும் கறுப்பு. உள்ளே அக்காவோ கசங்காத புடவையும் அழுக்குப் படாத விரல்களுமாக டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

“கை துடைக்க ஒரு துணியாவது எடுத்துக் கொடுக்கக் கூடாதா?”

அக்கா சிரித்தாள். “உனக்கும் டீ வேணுமா?”

அத்தான் பெருந்தன்மையாகக் குறுக்கிட்டார். “விடு மச்சான், அவளுக்கு இதெல்லாம் புரியாது. புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புற வால்வு இது. உள்ள கரி அடைச்சுக்கிச்சு. கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டிட்டேன்.”

சாவியைத் திருகினார். வண்டி இருமாமல் செருமாமல் கிளம்பியது.

தம்பிக்குப் புல்லரித்தது.

“என் வண்டிக்கும் இதே வியாதிதான் அத்தான். மேடு ஏறச் சொன்னா முக்குது. வொர்க் ஷாப்புல அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில மாமனாரை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்களே பார்த்துடுங்க!”

கரிக்கு அடியில் அத்தானின் முகம் வெளிறியது.

“இன்னிக்கா? எஞ்சின் சூடா இருக்குமே...”

“ஆறட்டும். நான் எங்கயும் போகலை.”

அத்தான் சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு. அப்புறம் பாத்திரம் ஒன்று ‘ணங்’கென்று வைக்கப்படும் சத்தம்.

திரும்பி வந்தவர், “நீ உள்ளே போய்ப் படு மச்சான். பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது” என்றார்.

தம்பி படுத்தான். இருட்டியும் தூக்கம் வரவில்லை. அந்தக் கைவண்ணத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜன்னல் பக்கம் போனான்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் கார் பானெட்டுக்குள் குனிந்திருந்தது அக்கா. புடவைமேல் அத்தானின் பழைய சட்டை. முழங்கைவரை ரப்பர் கையுறை.

“பத்தாம் நம்பர் ஸ்பேனர்.”

“இந்தா.”

“இது பன்னிரண்டு.”

வால்வைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, மாட்டி, போல்ட்டை முடுக்கிவிட்டு அவள் கையுறையைக் கழற்றினாள். அத்தான் அதை ஆசையாக வாங்கி, அதிலிருந்த கரியை முழங்கைவரை தடவிக்கொண்டார். கார்க் கண்ணாடியில் பார்த்து மூக்கு நுனிக்கும் ஒரு பொட்டு.

“சட்டையில பூசிக்காதீங்க. துவைக்கிறதும் நான்தான்” என்றாள் அக்கா.

தம்பி நினைத்திருந்தால் அப்போதே வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால், பள்ளி முடித்ததும் அக்கா ஆசைப்பட்டுக் கேட்டது எஞ்சின் படிப்பைத்தான். “கரியில கை வைக்கிறவளை எவன் கட்டுவான்?” என்று அப்பாவிடம் துள்ளிக் குதித்து அதைக் கெடுத்தவன் இவன்.

சத்தமில்லாமல் கட்டிலுக்குத் திரும்பினான். குறட்டைகூட விட்டான்.

“முடிஞ்சுது மச்சான்!” அத்தான் எழுப்பினார்.

தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே கும்பிட்டான். “உங்களுக்குக் கோயில்தான் கட்டணும் அத்தான்!”

அக்கா டீயை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்து முடித்தான்.

வண்டி மேட்டைத் தாவி ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்தி மனைவிக்குப் போன் போட்டான்.

“சரியாயிடுச்சா? யாரு பண்ணினது?”

“அத்தான்தான். என்ன கை, என்ன கை!”

“அண்ணி கூடமாட ஒத்தாசை பண்ணினாங்களா?”

“அவளா? ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவ!” என்று சிரித்தான் தம்பி. அக்காவுக்கு மறுக்கப்பட்ட அதே எஞ்சின் படிப்பில் அடுத்த வருஷமே தான் சேர்ந்து, வாங்கிய டிப்ளமாவுக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி வைத்திருப்பவன்.