அறுபத்தைந்தாவது லேயர்

சிப்பின் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன், ஃபைலைப் புது ஃபார்மட்டுக்கு மாற்றி, மறுபடி பழையதாக்கி, முதல் ஃபைலின்மேல் வைத்துப் பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியும்; திரையில் எதுவும் மிஞ்சக் கூடாது. இன்று அறுபத்தைந்தாவது லேயரில் ஒரு வட்டம் மிஞ்சியது. அடுக்கடுக்கான எங்கள் வரைபடத்தில் இருப்பதே அறுபத்துநான்கு லேயர்கள்தான். தப்பைக் கண்டால் வட்டம் போடுவது, போன மாதம் இறந்துபோன பக்கத்து சீட் அக்காவின் பழக்கம்.

“ஏதோ குப்பை ஒட்டிக்கிட்டிருக்கு. அழிச்சுட்டு அனுப்புப்பா,” என்றார் மேலாளர்.

அழித்தேன். திரும்ப வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பின் மூலையில் எங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைப் பொடியாக வரைந்து வைப்போம். அங்கே ஒரு காலியிடத்தைச் சுற்றித்தான் வட்டம்.

“அக்காவோட எழுத்து இனிமே எதுக்குன்னு நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?”

மேலாளர் மௌஸை வாங்கி அந்த எழுத்தை அவரே வரைந்தார். மறுபடி ஃபார்மட் மாற்றி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம்.

திரையில் எதுவும் மிஞ்சவில்லை.