எட்டு விதமாக எழுதிய பெயர்

"புள்ளய கையில வச்சிருக்கிறது நான்தான், மிஸ்."

அந்தோனியம்மா செபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்த படத்தை மேசையில் வைத்தாள். ஏதோ நீதிமன்ற வாசல். பத்தொன்பது வயதுப் பெண், புதுச் சேலை, கையில் வீரிட்டழும் குழந்தை. இரு பக்கமும் வெள்ளைக்காரத் தம்பதி.

வெளிநாட்டுக்குத் தத்துப்போன பிள்ளைகளையும் இங்கே காத்திருக்கும் தாய்மாரையும் சேர்த்துவைக்கும் சின்ன அலுவலகம் அது. நிருஷா யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து அங்கே கணினி வேலை பார்க்கிறாள். மின்னஞ்சல் பெட்டியில் பதினோராயிரம் கடிதங்கள், முகவரிப் பட்டியலில் மூவாயிரம் பேர்.

"பிறந்த நேரம் தெரியுமோ அம்மா? எந்த ஆஸ்பத்திரி?"

"அதெல்லாம் தெரியாது மிஸ். கோட்டுக்குப் போன நாள்தான் தெரியும். எம்பத்தாறு மார்ச் பதினொண்ணு."

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்திருக்கும், மணிக்கூட்டை யார் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் நிருஷா.

அந்தோனியம்மாவின் ஊரான 'பன்வில'வை ஆங்கிலத்தில் அடித்துத் தேடினாள். ஒன்றுமில்லை. 'அந்தோனியம்மா' என்று தேடினாள். அதுவும் இல்லை.

"இன்னொருக்கா பாருங்க மிஸ். மொத பஸ்ஸுல வந்தேன். டொக்டர் எனக்கு நாள் குறிச்சிட்டாரு. அதுக்குள்ள அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லியாகணும்."

"இருங்கோ அம்மா. வெளிநாட்டிலை இருக்கிறவை உங்கடை பேரை எப்பிடி எழுதினவையோ, ஆர் கண்டது."

நிருஷா அந்த இடத்திலேயே ஒரு சின்ன நிரல் எழுதினாள். இரட்டித்து வரும் ஆங்கில எழுத்தை ஒன்றாக எடுக்க வேண்டும். 'டபிள்யூ'வும் 'வி'யும் ஒன்றுதான். நடுவில் 'எச்' வந்தாலும் விட்டாலும் சரி. அதோடு நீதிமன்றம் போன அந்த நாளையும் சேர்த்து ஓடவிட்டாள்.

எட்டுக் கடிதங்கள் வந்து விழுந்தன.

எட்டும் நெதர்லாந்திலிருந்து, ஒரே பெண் எழுதியவை. அவளிடமிருந்த கோட்டுக் கடதாசி சிங்களத்தில் இருந்திருக்கிறது. அதிலிருந்த தாயின் பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறாள். நடுவில் கல்யாணமாகிப் பெயர் மாறி, மின்னஞ்சலும் மாறியதில், முகவரிப் பட்டியலில் அவளே மூன்று வெவ்வேறு ஆட்களாகக் கிடந்தாள். ஒன்றுக்கும் பதில் போயிருக்கவில்லை.

மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு, கடைசிக் கடிதத்தைத் தமிழில் சொன்னாள் நிருஷா.

"அம்மா, உங்கள்மீது எனக்குக் கோபமே இல்லை. பதினொரு வருடமாகத் தேடுகிறேன். என் மகளுக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன், அந்தோனியா. ஒரு தடவை உங்கள் கையைப் பிடித்தால் போதும்."

அந்தோனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நிருஷா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அழாதேங்கோ அம்மா. இப்பவே பதில் போடுவம். நீங்கள் சொல்லுங்கோ, நான் இங்கிலீசிலை எழுதுறன்."

அந்தோனியம்மா கண்ணைத் துடைத்தாள்.

"என்னயத் தேடி வர வேணாம்னு எழுதுங்க மிஸ்."

நிருஷாவின் விரல்கள் அப்படியே நின்றன. "என்னம்மா கதைக்கிறியள்? முப்பத்தொன்பது வருசமா அந்தப் படத்தை வச்சிருக்கிறியள். அந்தப் பிள்ளை தன்ரை மகளுக்கு உங்கடை பேரையே வச்சிருக்குது. பெத்த தாய்க்கு மனசு எப்பிடி வருது?"

அந்தோனியம்மா திரையில் இருந்த அந்த எட்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"புதுச் சேலயும் காசும் குடுத்து, ஜட்ஜு கேட்டா எம்புள்ளன்னு சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். பெத்தவ யாருன்னே எனக்குத் தெரியாது, மிஸ்."