விறைக்காத உடம்பு

"இன்னும் அமுக்குங்க. கழுத்து முழுகணும்" என்றார் டாக்டர்.

டாக்டருக்காக அளவுப் பொட்டியைப் பார்த்துக்கொள்கிற பொட்டிக்காரர் இரண்டு தோளையும் பிடித்து அமுக்கினார். தண்ணீருக்குள் இருந்தவர் "ஐயோ" என்றார். அதற்கப்புறம் பல் மட்டும் தாளம் போட்டது.

கொலை ஒன்றுமில்லை, ஆராய்ச்சிதான். கப்பல் கவிழ்ந்து குளிர்க்கடலில் விழுகிறவர்கள் எப்படி விறைத்துப் போகிறார்கள், அடிபட்டவர்கள் ஏன் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேருகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறவர் அந்த டாக்டர். தொட்டி நிறையக் கடல்தண்ணீர், அதில் ஐஸ் பாளம் பாளமாக மிதந்தது.

உள்ளே கிடந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தூக்கித் தூக்கி முதுகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. உடம்புச் சூடு முப்பத்தைந்து டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று பொட்டி காட்டுகிற வரைக்கும் தானாக எழுந்திருக்காமல் கிடந்தால், மீட்புப் படகில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பாதியில் எழுந்தால் பழையபடி மூட்டைதான்.

"மாத்திரை முழுங்கியாச்சா?" என்று டாக்டர் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார். அந்த மாத்திரைக்குள் சூடு அளக்கிற ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அது சேதி சொல்லும், தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலிமேல் இருக்கிற பொட்டி அதைப் பிடித்து எண்ணாகக் காட்டும்.

"எழுந்ததும் முதல் வேலை அதுதான் டாக்டர்" என்று பதில் சொன்னது மூட்டைக்காரரின் பெண்டாட்டி. வீட்டுக்காரரை விட்டு ஓரடி நகர மாட்டேன் என்று நாற்காலியைப் பொட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், குளித்து எழுகிறவருக்காகப் போட்டு வைத்த ஹீட்டர் தகதகவென்று எரிந்தது.

"எ...எ...எவ்வளவு டாக்டர்?" என்றார் மூட்டைக்காரர்.

"முப்பத்தேழு."

"இன்னுமா?"

"அசையவே இல்லை. உங்களுக்குக் குளிரவே இல்லைங்க."

"கா...கால் இருக்கா பாருங்க டாக்டர். எனக்குத் தெரியலை."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இருக்கு. ரெண்டும் இருக்கு."

உதடு நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது. விரல் மடங்க மாட்டேன் என்றது. பொட்டிக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "சார், ஆளைப் பார்த்தா பாவமா இருக்கு. தூக்கிடலாமா?"

"ஆளைப் பார்க்காதேய்யா, பொட்டியைப் பாரு" என்றார் டாக்டர். "மேலே பார்க்கத்தான் அப்படி. உள்ளே மனுஷன் சுடச்சுட இருக்கார்."

பொட்டி முப்பத்தேழு புள்ளி இரண்டு காட்டியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஐஸ் தண்ணியில சூடு ஏறுது! உலகத்துல எவனும் பார்த்திருக்க மாட்டான்!"

"என்னங்க, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க" என்றாள் பெண்டாட்டி.

"க...க...கடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். அ...அது நிக்க மாட்டேங்குதே!"

"படகு வேலைங்க. மூட்டை வேண்டாம்னு நீங்கதானே ராவும் பகலும் புலம்பினீங்க."

"இ...இப்ப மூட்டை இருந்தா குடு. க...கட்டிப் பிடிச்சுக்கிறேன்."

ஹீட்டர் அவள் முதுகை வறுத்தது. போர்த்தியிருந்த சால்வையை எடுத்து மடியில் போட்டாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, குடிக்கத் தண்ணி இருக்குமா? தொண்டை காயுது" என்றாள்.

பொட்டிக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். சில்லென்று இருந்தது. அண்ணாந்து மடமடவென்று முக்கால் பாட்டிலைக் காலி பண்ணினாள்.

கொஞ்ச நேரத்தில் பொட்டி கூவ ஆரம்பித்தது. முப்பத்தாறு. முப்பத்தைந்து. அதற்கும் கீழே.

"இறங்கிடுச்சு! தூக்கு, தூக்கு!" என்று டாக்டர் கத்தினார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து மூட்டைக்காரரை மூட்டை மாதிரித் தூக்கினார்கள். நாலு போர்வை சுற்றிக் கட்டிலில் கிடத்தி, ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தார்கள். ஆள் உறைந்துபோன மீன் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண் மட்டும் பெண்டாட்டியைத் தேடியது.

பொட்டி அதற்குள் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு.

டாக்டர் பொட்டிக்காரரின் தோளைத் தட்டினார். "போர்வை போட்ட கையோட ஏறிடுச்சு பாருய்யா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு உடம்பைப் பார்த்ததில்லை. மீட்புப் படகுக்குன்னே கடவுள் செஞ்ச உடம்பு!"

"அ...அப்ப வேலை?" என்றது போர்வை.

"உறுதி. படகுத் தலைவர்கிட்ட இப்பவே பேசறேன். அந்த மாத்திரை போன வயிறு எதுவோ, அதுக்குத்தான் வேலை. நாளைக்கே வரணும்."

பெண்டாட்டி பாட்டிலை முக்காலிமேல் வைத்தாள். டாக்டரை ஒருதரம் பார்த்தாள், பொட்டியை ஒருதரம் பார்த்தாள். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நாளையிலேருந்து நீங்கதான் சமைக்கணும். உங்களுக்குத் தொண்டையில இறங்காதுன்னு அந்த மாத்திரையை முழுங்கினது நான்தானே!"