சொம்புக்குள் ஒரு சீட்டு

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா” என்றாள் குப்பம்மா, மறுபடியும்.

லோகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் ஊரே கூடி உட்கார்ந்திருக்கிறது. பெற்றவளே இப்படி மழுப்பினால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

காலையில் திருப்பாலைவனம் பஸ்ஸில் ஏறி மகள் சுதா வீட்டுக்கு நழுவப் பார்த்தவளைப் படிக்கட்டிலேயே மடக்கி இழுத்து வந்திருந்தான். வந்தும் என்ன பிரயோசனம்?

ஞாபகம் இல்லையாமே! எந்தப் புயலில் யார் படகு கவிழ்ந்தது, யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பவள். சுதா பிறந்த கதையைத் தொடங்கினால், அடைமழையில் படகில் படுக்கவைத்துக் கொண்டுபோனதிலிருந்து அரை நாள் சொல்வாள். ‘நான் பொறந்தது?’ என்று இவன் கேட்டால் மட்டும், ‘உங்கதைல இன்னா இருக்குது, போடா’ என்று முடித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். ஏரியில் இறால் படும் நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருஷா வருஷம் பேர் எழுதிய சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இந்தக் குப்பத்தில் பாடு உள்ள வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்குத்தான் சொம்பில் இடம். வளர்ப்புப் பிள்ளைக்குக் கிடையாது.

போன மாதம் லோகநாதனின் சித்தப்பா தவறிப்போனார். அவர் இடத்துக்கு அவர் மகன் தேவேந்திரன் சீட்டு எழுதிப் போட்டுவிட்டான். மகனா அவன்?

முகத்துவாரம் அடைத்துக்கொண்டு ஏரி காய்ந்த வருஷம், அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் பிழைப்புக்காக மீஞ்சூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயின. ஆளுக்கொரு கைக்குழந்தையோடு திரும்பி வந்தன. அடுத்து குப்பம்மாவுக்குச் சுதா பிறந்தாள். சித்திக்கு வேறு பிள்ளையே பிறக்கவில்லை. அப்போதிருந்தே தேவேந்திரனைப் பற்றி ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு.

லோகநாதன் அந்த முணுமுணுப்பைத்தான் பிடித்துக்கொண்டான். ஏரியில் இப்போது கிடைக்கிற இறாலுக்கு, ஒரு தலை குறைந்தாலும் அவன் முறை சீக்கிரம் வரும். ஆனால் அவன் அப்பாவும் சித்தியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சூளையில் நடந்தது தெரிந்து மிச்சமிருப்பது குப்பம்மா ஒருத்திதான்.

தலைவர் சம்பந்தம் இருமினார். “இன்னா குப்பம்மா, உள்ளதச் சொல்லிட்டா நாங்க குலுக்கிட்டுப் போய்க்கினே இருப்போம்.”

“செத்துப்போன மனுசன் எம் புள்ளன்னுதானே சொன்னாரு? அத்தோட வுடுங்களேன்.”

“எப்டி வுடறது?” என்று துள்ளினான் லோகநாதன். “இந்த வூட்டுல பொறக்காதவனுக்குப் பாடு கெடயாதுன்னா கெடயாது. எவனா இருந்தா இன்னா? ஊர்க்கட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான்!”

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தேவேந்திரன் எழுந்தான். “வுடு பெரிம்மா. ஒன்னய ஏன் இழுத்துப்போட்டுக் கேக்கறாங்க? நான் வலைய வித்துட்டு எங்கனா கம்பெனி வேலைக்குப் போயிடறேன்.”

“போயேன். அப்பன் பேரு தெரியாதவனுக்கு ஏரி எதுக்கு?” என்றான் லோகநாதன்.

குப்பம்மாவின் முகம் சுண்டிப்போனது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“லோகு, கடசியாச் சொல்றேன். வேணாம்னு வுட்டுடு நைனா.”

“நீ சொல்லும்மா மொதல்ல!”

அவள் சம்பந்தத்தின் பக்கம் திரும்பினாள். “ஆமா தலைவரே. தேவேந்திரன எங்க ஓரகத்தி பெக்கல. சூளையில கல்லு அறுத்த ஒரு பொண்ணு. எந்த ஊரோ, யாரு பொண்டாட்டியோ தெரியாது. பெத்துப் போட்டுட்டுக் கண்ண மூடிட்டா. இவனத் துணில சுத்தித் தூக்கினு வந்து ஓரகத்தி மடில போட்டதே நான்தான்.”

யாரோ உச்சுக்கொட்டினார்கள். தேவேந்திரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

லோகநாதனுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் கெஞ்சிய கெஞ்சலுக்கும் போட்ட சண்டைக்கும் இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது. “கேட்டுக்கினீங்களா எல்லாரும்? இத்த மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு இவ்ளோ தலைவலியே இல்ல. எடுங்க தலைவரே, அந்தச் சீட்ட!”

சம்பந்தம் அரை மனதோடு சொம்புக்குள் கையை விட்டார்.

“ரெண்டு சீட்டா எடுங்க” என்றாள் குப்பம்மா. “அந்தப் பொண்ணு பெத்தது ரெட்டப் புள்ள.”